சர்க்கரை தீர்ந்துபோனால்...

பேக்கரி பன்னை உப்ப வைப்பது, திராட்சைச் சாற்றை ஒயினாக்குவது, காலையில் இறக்கிய பனங்கள்ளைச் சாயங்காலத்துக்குள் கடுக்க வைப்பது, மூன்றிலும் ஒரே ஆசாமியின் கை இருக்கிறது. பெயர் ஈஸ்ட். முழுப்பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரேஷன் கார்டில் எழுத இடம் போதாது என்பதால் ஈஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம். (இட்லி மாவு பொங்குவதும் இவர் தயவுதானே என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அது பெரும்பாலும் பாக்டீரியாவின் உபயம்.)

ஒரு மில்லிமீட்டரில் உத்தேசமாக இருநூறு பேரை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடியர்கள். ஒரே ஒரு செல்தான் மொத்த உடம்பும். மூளை கிடையாது, நாக்கு கிடையாது, மாமனார் கிடையாது. ஆனாலும் ஒரு விஷயத்தில் நம்மில் பலரைவிட சமர்த்து. கையில் இருப்பது தீர்ந்துபோனால் அடுத்ததற்கு எப்படி மாறுவது என்பது இதற்குத் தெரியும். மாதக் கடைசி வாரத்தை எப்படி ஓட்டுவது என்று இன்னும் தெரியாத நாம் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஒரு குடுவையில் குளுக்கோஸையும் காலக்டோஸையும் சேர்த்துக் கரைத்து ஈஸ்ட்டைப் போடுங்கள். இரண்டுமே சர்க்கரைதான். இரண்டிலும் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஓர் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குட்டித் தொகுதி இந்தப் பக்கம் பார்ப்பதற்குப் பதில் அந்தப் பக்கம் பார்க்கிறது. இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் வகிட்டை மாற்றி எடுத்துக்கொண்ட மாதிரி. ஈஸ்ட்டுக்கு அந்த வகிடு போதும். குளுக்கோஸை விழுந்து விழுந்து சாப்பிடும். காலக்டோஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குளுக்கோஸ் தீர்ந்த பிறகு வளர்ச்சி நின்றுவிடும். கொஞ்ச நேரம் தேமேயென்று இருக்கும். அப்புறம்தான் மெதுவாகக் காலக்டோஸில் கைவைக்கும்.

காலக்டோஸுக்கு ஈஸ்ட் பழகிக்கொள்ள நேரம் வேண்டும் என்பதை 1900-லேயே பாரிஸில் டியெனேர் என்பவர் எழுதிவிட்டார். இந்தப் படிக்கட்டு மாதிரி வளர்ச்சிக்குப் பெயர் கிடைத்தது 1941-ல். அதே பாரிஸ். ஜாக் மோனோ என்ற இளைஞர் தன் டாக்டர் பட்ட ஆய்வில் பாக்டீரியாவுக்கு இரண்டு இரண்டு சர்க்கரையாகக் கொடுத்துப் பார்த்து, இந்த இரட்டை வளர்ச்சிக்கு 'டயாக்ஸி' என்று பெயர் வைத்தார். வெளியே ஜெர்மானிய ராணுவம். மோனோ பகலில் பாக்டீரியாவை எண்ணிக்கொண்டு, மற்ற நேரத்தில் தலைமறைவு இயக்கத்தில் வேலை பார்த்தவர். பிழைத்ததே பெரிது. அந்தப் படிக்கட்டில் ஏறி, 1965-ல் ஃப்ரான்ஸுவா ஜேகப், ஆந்த்ரே ல்வாஃப் இருவருடன் நோபல் பரிசு மேடைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்கள் கண்டது சுருக்கமாக இதுதான்: ஜீன்களுக்கு ஸ்விட்ச் உண்டு. ஜீன் இருப்பது வேறு, அது எரிவது வேறு.

"ரெண்டையும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுத் தொலைத்தால் என்னவாம்?"

நியாயமான கேள்வி. குளுக்கோஸை உள்ளே இழுத்ததும் நேராக அடுப்பில் போடலாம். காலக்டோஸ் அப்படியில்லை. அதை உள்ளே கொண்டுவர ஒரு தனி வாசல் வேண்டும். பிறகு படிப்படியாக உருமாற்றித்தான் குளுக்கோஸின் பாதையில் சேர்க்க முடியும். அதற்கு மூன்று என்ஸைம்கள். வாசல், என்ஸைம் எல்லாமே புரோட்டீன். புரோட்டீன் செய்ய அமினோ அமிலம், சக்தி, இடம் எல்லாம் செலவு. ஈஸ்ட்டிடம் சுமார் 6000 ஜீன்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எந்நேரமும் ஓட்டிக்கொண்டிருந்தால், வீட்டில் இருக்கிற ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், கீஸர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படுக்கப் போன கதைதான். பில் வரும்.

ஆகவே ஸ்விட்ச். அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அழகு.

காலக்டோஸ் சம்பந்தப்பட்ட ஜீன்களுக்கு கால்1, கால்2, கால்7, கால்10 என்று பெயர். (கால் என்றதும் நாற்காலியை நகர்த்த வேண்டாம். காலக்டோஸின் சுருக்கம்.) இவற்றைத் தொடங்கிவைக்கும் அதிகாரி கால்4 என்கிற புரோட்டீன். இவர் டி.என்.ஏ.வில் தனக்கென்று குறித்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். பேனாவும் கையில் தயார். ஆனால் கையெழுத்துப் போட மாட்டார். காரணம், கால்80 என்று இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சொல்லப்போனால் கால்80-க்கு வேறு வேலையே இல்லை. எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் உண்டு.

காலக்டோஸ் செல்லுக்குள் வந்ததும் கால்3 என்பவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்தவுடன் அவருக்குத் தைரியம் வந்து, போய் கால்80-ஐ இழுத்துக்கொண்டு போகிறார். கால்4-ன் கை விடுபடுகிறது. சரசரவென்று கையெழுத்து. கால்1, 7, 10 ஜீன்களின் உற்பத்தி ஏறக்குறைய ஆயிரம் மடங்கு எகிறுகிறது. நூறு சதவிகிதம் அல்ல, ஆயிரம் மடங்கு. எந்த ஆபீஸிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

இது ஒரு பூட்டு. இன்னொரு பூட்டும் உண்டு. குளுக்கோஸ் இருக்கும்வரை மிக்1 என்கிற புரோட்டீன் செல்லின் கருவுக்குள் உட்கார்ந்து, இந்த ஜீன்களையும் கால்4-ஐ உண்டாக்கும் ஜீனையும் அமுக்கி வைக்கிறது. அதிகாரியின் கையைப் பிடிப்பது மட்டுமல்ல, அதிகாரிகளின் நியமனத்தையே குறைப்பது. குளுக்கோஸ் தீர்ந்ததும் ஸ்னஃப்1 என்று ஒரு என்ஸைம் விழித்துக்கொண்டு மிக்1-க்கு ஒரு பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்தவர் கருவை விட்டு வெளியே போக வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மாதிரி. அப்பீல் கிடையாது.

ஸ்னஃப் என்றால் மூக்குப்பொடி அல்ல. சுக்ரோஸை நொதிக்க முடியாதது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அந்த ஜீன் கெட்டுப்போன ஈஸ்ட்டுகள் நம் சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸில் திண்டாடியதால் 1981-ல் அந்தப் பெயர் வைத்தார்கள். ஜீன்களுக்கு இப்படித்தான், அது இல்லாவிட்டால் என்ன கெடுகிறதோ அதை வைத்தே பெயர். நாம் லீவு போட்டால்தான் நம் அருமை ஆபீஸுக்குத் தெரிகிற மாதிரி.

ஸ்னஃப்1-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

காலக்டோஸ் தவிர ஈஸ்ட்டுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. குளுக்கோஸ் நிறைய இருந்தால், பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தாலும் அதை உபயோகித்துச் சர்க்கரையை முழுசாக எரிக்காது. பாதியில் விட்டு ஆல்கஹால் ஆக்கி வெளியே தள்ளும். இதனால் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு ஏ.டி.பி. (செல்லின் சில்லறைக் காசு). முழுசாக எரித்தால் அதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். ஏன் இந்த ஊதாரித்தனம்? ஒரு விளக்கம்: சர்க்கரையைச் சீக்கிரம் காலி செய்துவிடலாம், ஆல்கஹாலைத் தாங்க முடியாத மற்ற நுண்ணுயிர்கள் ஓடிவிடும். பந்தி காலியான பிறகு, தான் காய்ச்சியதைத் தானே நிதானமாகக் குடித்துத் தீர்க்கலாம். ஆமாம், குளுக்கோஸ் தீர்ந்ததும் ஈஸ்ட் தன் ஆல்கஹாலையே சாப்பாடாக்கிக்கொள்கிறது. அதை உண்டாக்க ஓர் என்ஸைம், எரிக்க அதன் ஒன்றுவிட்ட சகோதரனாக இன்னொன்று. இரண்டாவது, குளுக்கோஸ் இருக்கும்வரை வாயைத் திறக்காது.

இந்த மாற்றத்தின்போது உள்ளே எவ்வளவு கலாட்டா நடக்கிறது என்பதை 1997-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டில் ஜோ டெரிஸி, விஷ்வநாத் ஐயர், பேட்ரிக் பிரவுன் மூவரும் பார்த்தார்கள். ஈஸ்ட்டின் முழு ஜீன் வரிசையும் அதற்கு முந்தைய வருஷம்தான் கிடைத்திருந்தது. கருவுள்ள செல்களில் முழுசாகப் படிக்கப்பட்ட முதல் ஜாதகம் ஈஸ்ட்டுடையதுதான். அதை வைத்துக் கண்ணாடிச் சில்லு ஒன்றில் ஏறக்குறைய எல்லா ஜீன்களையும் புள்ளி புள்ளியாகப் பதித்து, சர்க்கரை தீரத் தீர யார் யார் எரிகிறார்கள், யார் யார் அணைகிறார்கள் என்று வரவு செலவு எடுத்தார்கள். சுமார் 710 ஜீன்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. சுமார் 1030 ஜீன்கள் பாதிக்குக் கீழே இறங்கின. அதாவது சாப்பாடு மாறியது என்றால் கேன்டீன் மட்டும் மாறவில்லை, கம்பெனியில் கால்வாசிக்கு மேல் டிபார்ட்மென்ட் மாறியது.

இனிமேல்தான் விஷயம்.

சர்க்கரை தீர்ந்த பிறகு ஈஸ்ட் தேமேயென்று இருக்கும் என்றேனே, அந்த இடைவெளி எல்லா ஈஸ்ட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. காட்டிலும் பழத்திலும் ஆலையிலும் எடுத்த பல ரகங்களை ஹார்வர்டில் மைக்கேல் ஸ்ப்ரிங்கர் குழுவினர் குளுக்கோஸும் காலக்டோஸும் கலந்த குடுவையில் போட்டுப் பார்த்தார்கள். 2015-ல் வெளியிட்டார்கள். சில ரகங்கள் பாடப்புத்தகம் சொன்னபடியே குளுக்கோஸ் தீர்ந்ததும் நின்று, திகைத்து, பிறகு கிளம்பின. சில ரகங்கள் நிற்கவே இல்லை. காரணம், அவை குளுக்கோஸ் தீர்வதற்கு மணிக்கணக்கில் முன்பே காலக்டோஸ் என்ஸைம்களைச் செய்து அடுக்க ஆரம்பித்துவிட்டன. ரயில் நிற்பதற்கு அரை மணி முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்களே, அந்த ஜாதி.

"பலே! அப்படியானால் எல்லா ஈஸ்ட்டும் அப்படியே இருக்கலாமே?"

இருக்க முடியாது. முன்கூட்டித் தயாரான ரகங்கள், குளுக்கோஸ் இருக்கும் காலத்தில் மற்றவற்றைவிட மெதுவாக வளர்ந்தன. நாளைய சாமான்களைச் செய்ய இன்றைய வருமானத்தில் கைவைத்தாக வேண்டும். கடைசி நிமிஷம்வரை தயாராகாத ரகமோ, குளுக்கோஸ் இருக்கும்வரை ராஜா. தீர்ந்த மறுநிமிஷம் பிச்சைக்காரன். இரண்டில் எது ஜெயிக்கும் என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. சர்க்கரை எத்தனை தடவை மாறுகிறது என்பதைப் பொறுத்தது.

இதே கணக்கை முந்தைய வருஷம் பெல்ஜியத்தின் லூவெனில் கெவின் வெர்ஸ்ட்ரெபன் குழு குளுக்கோஸையும் மால்டோஸையும் வைத்துக் காட்டியது. சட்டென்று மாறத் தெரிந்தவை, நிரந்தரமாக குளுக்கோஸ் கிடைக்கும் இடத்தில் பின்தங்கின. நிரந்தரத்துக்கே பழகியவை மாற்றம் வந்தபோது முழித்தன. பெல்ஜியத்துக்காரர்களுக்கு மால்டோஸ் மீது ஏன் இவ்வளவு அக்கறை என்றால், பீர் தயாரிக்கும் பார்லி ஊறலில் பெரும்பகுதி மால்டோஸ்தான். ரொட்டி மாவிலும் அதுதான். முதலில் இருக்கிற கொஞ்சம் குளுக்கோஸைத் தின்றுவிட்டு ஈஸ்ட் திகைத்து நின்றால் பீரும் நிற்கும், பன்னும் உப்பாது. முதலாளிக்கு அந்த இடைவெளி மணிக்கணக்கில் நஷ்டம்.

இன்னொரு விசேஷம், ஈஸ்ட்டுக்கு ஞாபகசக்தி உண்டு. ஒரு தடவை காலக்டோஸில் வாழ்ந்த செல்லை மறுபடி குளுக்கோஸுக்கு மாற்றி, திரும்பக் காலக்டோஸுக்குக் கொண்டுவந்தால், இந்தத் தடவை சீக்கிரம் பழகிவிடுகிறது. அதன் மகள்களும் பேத்திகளும்கூட. மூளையில்லாமல் எப்படி ஞாபகம்? முதல் தடவை செய்த கால்1 புரோட்டீன் செல்லுக்குள் மிச்சம் கிடக்கிறது. செல் பிளக்கும்போது மகளுக்கும் பங்கு போகிறது. இந்தக் கால்1, என்ஸைம் வேலையோடு கூட, கால்80-ஐ இழுத்துப் போகும் கால்3-ன் வேலையையும் பார்க்கத் தெரிந்தது. இருவரும் ஒரு காலத்தில் ஒரே ஜீனாக இருந்து பாகம் பிரிந்தவர்கள். ஆகவே அடுத்த தடவை காலக்டோஸ் வரும்போது கதவைத் திறக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது. 2007-ல் கண்டுபிடித்தார்கள். பாட்டி செய்த பாத்திரம் பேத்தி கையில் இருப்பது போல. ஆனால் பங்கு போடப் போடக் கரைந்து, சில தலைமுறைகளில் காலி. எல்லாப் பூர்வீகச் சொத்தையும் போல.

"சரி, இதனால் எனக்கு என்ன?" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு மூன்று சமாசாரம்.

ஒன்று. பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அது குடலில் பிரிந்தால் பாதி குளுக்கோஸ், பாதி காலக்டோஸ். காலக்டோஸை மாற்ற ஈஸ்ட் வைத்திருக்கும் அதே வரிசை என்ஸைம்கள் நம் கல்லீரலிலும் உண்டு. அபூர்வமாகச் சில குழந்தைகள், ஈஸ்ட்டில் கால்7 என்கிறோமே, அந்த என்ஸைமுக்கான ஜீன் கெட்டுப்போய்ப் பிறக்கின்றன. காலக்டோசீமியா என்று பெயர். பாதி மாறிய காலக்டோஸ் உடம்பில் தேங்கும். தாய்ப்பாலே விஷமாகிவிடும். மஞ்சள் காமாலை, கல்லீரல் கோளாறு, கண்ணில் புரை என்று போய், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தாய்ப்பாலை நிறுத்தி, லாக்டோஸ் இல்லாத உணவைக் கொடுக்க வேண்டும். கால்7 இல்லாத ஈஸ்ட்டும் காலக்டோஸைக் கண்டால் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் மனித ஜீனை அந்த ஈஸ்ட்டில் வைத்து, எந்த எழுத்துப் பிழை எவ்வளவு மோசம் என்று பரீட்சை செய்கிறார்கள். குழந்தைக்குப் பதில் ஈஸ்ட் பரீட்சை எழுதுகிறது.

இரண்டு. இந்த ஸ்விட்சை மனிதன் களவாடிவிட்டான். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்து ஒரு சீனச் செடியிலிருந்து வருவது. 2006-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜே கீஸ்லிங் குழு, அந்தச் செடியின் ஜீன்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, காலக்டோஸ் ஸ்விட்சில் இணைத்து, மருந்தின் முந்தைய நிலையான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தைச் செய்யவைத்தது. லிட்டருக்கு 100 மில்லிகிராம். 2013-ல் அது 25 கிராம் ஆயிற்று. நடுவில் செய்த மாற்றங்களில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த கால்80-ஐ வேலையைவிட்டு நீக்கியது. காலக்டோஸ் செலவு மிச்சம்.

மூன்று. ஸ்னஃப்1-ஐ ஞாபகம் வைக்கச் சொன்னேனே. அதன் சொந்தக்காரர் நம் உடம்பிலும் இருக்கிறார். ஏ.எம்.பி.கே. என்று பெயர். செல்லில் சக்தி குறைந்தால் விழித்து, சேமிப்பை நிறுத்தி, இருப்பை எரிக்கச் சொல்பவர். மாடிப்படி ஏறும்போது உங்கள் தசைக்குள் விழித்துக்கொள்கிறார். லிஃப்டில் போனால் தொடர்ந்து தூங்குகிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் சர்க்கரை வியாதி மாத்திரை மெட்ஃபார்மின் இவரைத் தட்டி எழுப்புகிறது என்று 2001-ல் காட்டினார்கள். (மாத்திரைக்கு வேறு வழிகளும் உண்டு.) ஆக, கள்ளுப் பானையில் சர்க்கரை தீர்ந்ததைச் சொல்லும் அதே குடும்பத்து ஆசாமிதான், உங்கள் தொடையில் சக்தி தீர்ந்ததையும் சொல்கிறார். ஈஸ்ட்டும் நாமும் பிரிந்து நூறு கோடி வருஷத்துக்குக் குறையாது. டெலிபோன் நம்பரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

ஒரே கம்பெனியில் உட்கார்ந்திருப்பதா, சாயங்காலத்தில் வேறு ஏதாவது படித்து வைப்பதா என்று எழுதிக் கேட்கும் இளைஞர்களுக்கு ஈஸ்ட்டின் பதில், உங்கள் குடுவையில் சர்க்கரை எத்தனை தடவை மாறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மாறவே மாறாது என்றால் படிக்கிற நேரம் நஷ்டம். அடிக்கடி மாறும் என்றால் படிக்காத நேரம் நஷ்டம். இரண்டுக்கும் விலை உண்டு, இலவசம் எதுவும் இல்லை. எதுவுமே செய்யாமல் இரண்டு விலையையும் கொடுக்கிற வித்தையை மட்டும் ஈஸ்ட் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு மூளை வேண்டும்.